செராமிக் வடிகட்டிச் சவ்வு: அலுமினா போதாதா, மற்ற ஆக்சைடுகள் எதற்கு?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அலுமினா மலிவு, உறுதியானது, எளிதில் கிடைக்கிறது. அப்படியிருக்க செராமிக் வடிகட்டிச் சவ்வுகளில் சிர்கோனியா, டைட்டானியா, சிலிகா (சிர்கோனியம், டைட்டானியம், சிலிக்கான் ஆகியவற்றின் ஆக்சைடுகள்) என்று ஏன் போகிறார்கள்? நானோமீட்டர் அளவுத் துளைகளை எப்படி வர வைக்கிறார்கள்? 'பிஹெச் 0 முதல் 14 வரை தாங்கும்' என்று விவரத்தாளில் போடுகிறார்களே, நம்பலாமா?"

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: மேலடுக்கை மட்டும் பார்த்தால், அது சிர்கோனியாவாகவோ டைட்டானியாவாகவோ இருந்தால், பெரும்பாலும் நம்பலாம். குழாயின் முனைப்பூச்சையும் ரப்பர் வளையத்தையும் சேர்த்துப் பார்த்தால் அப்படியே நம்ப வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், அதற்கு முதல் இரண்டு கேள்விகளும் தெளிவாக வேண்டும்.

"அலுமினாவா சிர்கோனியாவா" என்று ஒன்றுக்கொன்று எதிராக வைப்பதே பல நேரம் சரியில்லை. 'சிர்கோனியா சவ்வு' என்று விற்கப்படும் குழாயை உடைத்துப் பார்த்தால், சிர்கோனியா சில மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று, அதாவது 1000 நானோமீட்டர்) தடிமனுக்குத்தான் இருக்கும். மீதி எல்லாம் பெரும்பாலும் ஆல்ஃபா அலுமினா, அதாவது அலுமினாவின் நிலையான படிக வடிவம். சில தயாரிப்பாளர்கள் டைட்டானியா கலந்த தாங்கியைப் பயன்படுத்துவார்கள். விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முல்லைட், கார்டியரைட், சுட்ட களிமண் பக்கம் போவார்கள். அடியில் இருக்கும் தாங்கி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், அதன் துளைகள் சில மைக்ரான். அதன்மேல் இன்னும் நுண்ணிய ஓர் இடையடுக்கு, சில நேரம் இரண்டு. கடைசியாகத்தான் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்யும் மேலடுக்கு.

இத்தனை அடுக்கு ஏன்? ஒரே சீராக நுண்துளை கொண்ட ஒரு குழாயைச் செய்துவிட்டால் என்ன? செய்யலாம், ஆனால் தண்ணீர் வெளியே வராது. துளையின் மொத்தப் பரப்பு மாறாமல் துளையின் விட்டத்தை மட்டும் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், அதே அழுத்தத்தில் ஓட்டம் நூறில் ஒன்றாகிவிடும். ஆகன்–புவாசே விதி சொல்வது அதைத்தான். அந்த இழப்பை ஈடுகட்ட ஒரே வழி, நுண்துளை உள்ள பகுதியை மெல்லியதாக்குவது. 50 நானோமீட்டர் துளை உள்ள பொருளை ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்குச் செய்வதற்குப் பதில் 2 மைக்ரான் தடிமனுக்குச் செய்தால், அந்த அடுக்கின் தடை 750 மடங்கு குறைகிறது. 2 மைக்ரான் தடிமனுள்ள செராமிக் தாளைக் கையால் எடுக்கவே முடியாது, அதனால் தாங்கி வேண்டியிருக்கிறது. ஆக, ஒரே குழாயில் இரண்டு வேலைகள்: சுமையைத் தாங்குவது ஒன்று, பிரிப்பது இன்னொன்று. முதல் வேலைக்கு அலுமினா நல்ல தேர்வு, அதில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மற்ற ஆக்சைடுகள் வருவது இரண்டாவது வேலைக்கு.

சரி, துளை எப்படி வருகிறது? யாரும் துளையைப் போடுவதில்லை. கோலிக்குண்டுகளைக் குவித்தால் நடுவே இடைவெளி தானாக வருகிற மாதிரி, ஆக்சைடு துகள்களுக்கு இடையே மிஞ்சும் இடம்தான் துளை. ஒரே அளவு உருண்டைகளை எப்படிக் கொட்டினாலும் முப்பத்தைந்திலிருந்து நாற்பது சதவீதம் வரை வெற்றிடம் இருக்கும், அந்த வெற்றிடங்களின் குறுகலான வாய் துகள் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். எனவே 0.2 மைக்ரான் துளை வேண்டுமென்றால் அரை மைக்ரானுக்குச் சற்று மேலான பொடியில் தொடங்க வேண்டும். பொடியைத் தண்ணீரில் கலக்கி, தாங்கியின் உட்புறத்தில் ஓட்டி வடித்தால், தாங்கியே நீரை உறிஞ்சிக்கொள்ளும், மேலே ஒரு மெல்லிய படிவு நிற்கும். உலர்த்திச் சூளையில் வைத்தால் துகள்கள் தொடும் இடங்களில் கழுத்துப்போல ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பெயர் சின்டரிங்.

சாதாரண செராமிக் தொழிலில் சின்டரிங் எவ்வளவு முழுமையாக நடக்கிறதோ அவ்வளவு நல்லது, துளை மிஞ்சினால் அது குறை. இங்கே நேர் எதிர்: துகள்கள் கழுவினால் உதிராத அளவுக்கு ஒட்ட வேண்டும், ஆனால் துளை அடைபடக் கூடாது. இந்த வேலையின் சிரமம் முழுக்க அந்தச் சிறிய இடைவெளிக்குள்தான் இருக்கிறது. வெப்பம் குறைந்தால் அடுக்கு சுண்ணாம்புபோல உதிரும், கூடினால் துகள்கள் ஒன்றையொன்று விழுங்கி வளர்ந்து துளையும் பெரிதாகிவிடும். அலுமினாத் தாங்கிகளை 1500 டிகிரி செல்சியசுக்கு மேல் கொண்டுபோவார்கள். மேலடுக்குகளுக்கு அவ்வளவு வேண்டாம், நுண்பொடி குறைந்த வெப்பத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அடுக்குகளை அடியிலிருந்து மேலே ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முறையும் சற்றுக் குறைந்த வெப்பத்தில் சுடுகிறார்கள். விலையின் பெரும்பகுதி இந்தத் திரும்பத் திரும்பச் சூளை ஏற்றுவதில்தான் போகிறது.

சில நானோமீட்டர் துளைக்குப் பொடியை அரைத்துப் பயனில்லை, எந்த ஆலையும் அவ்வளவு நுண்ணியதாக அரைக்காது. அங்கே சால்-ஜெல் முறை வருகிறது. துகளைப் பெரியதிலிருந்து உடைக்காமல், கரைசலில் அணு அணுவாகச் சேர்த்து வளர்க்கிறார்கள். அலுமினியத்தின் ஆல்காக்சைடைச் சுடுநீரில் சேர்த்தால் போமைட் என்னும் ஆக்சைடு-ஹைட்ராக்சைடு உருவாகும், கொஞ்சம் நைட்ரிக் அமிலம் சேர்த்தால் அது நானோமீட்டர் அளவுத் துகள்களாகப் பிரிந்து, படியாமல் மிதக்கும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் லீனார்ஸ், கைசர், புர்க்ராஃப் மூவரும் 1984-இல் இந்த வழியில் சவ்வு செய்து வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் ஒரு தொடக்கப்புள்ளி. அந்தப் போமைட் அடுக்கை 400 முதல் 600 டிகிரி வரை சூடாக்கினால் காமா அலுமினாவாக மாறும், துளை சுமார் 4–5 நானோமீட்டர்.

கேட்க எளிது, செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது விரிசலைத்தான். ஈர அடுக்கு உலரும்போது துளைக்குள் நிற்கும் நீர் தன் பரப்பு இழுவிசையால் சுவர்களை உள்ளே இழுக்கும். 5 நானோமீட்டர் துளையில் அந்த இழுவை கணக்குப்படி 570 பார் (ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அளவுக்கு வருகிறது. ஒன்றரைப் பார் அழுத்தத்தில் ஓடப்போகும் சவ்வு உலரும்போதே அதைப் பல நூறு மடங்கு தாண்டிய விசையைச் சந்திக்கிறது. மெல்லிய அடுக்காகப் பூசுவது, பாலிவினைல் ஆல்கஹால்போல ஒரு பிணைப்பானைச் சேர்ப்பது, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி மெதுவாக உலர்த்துவது எல்லாம் இதற்காகத்தான். தாங்கியின் மேல்பரப்பு கரடுமுரடாக இருந்தாலும் அடுக்கு அந்த மேட்டில்தான் முதலில் வெடிக்கும். தூசி ஒன்று விழுந்தாலும் அப்படித்தான். நுண்துளைச் சவ்வு ஆராய்ச்சிக்கூடங்களில் தூய அறை கேட்பது ஆடம்பரம் அல்ல.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வரலாம்: அலுமினா போதாதா? 0.1 மைக்ரானுக்கு மேல் வேலை என்றால் பெரும்பாலும் போதும். ஆல்ஃபா அலுமினா கடினமானது, நீரில் கரையாது, அமிலத்துக்கும் காரத்துக்கும் நன்றாகத் தாங்கும். சிக்கல் துளை சிறிதாகும்போது தொடங்குகிறது. 5 நானோமீட்டர் துளையுள்ள ஆல்ஃபா அலுமினா சவ்வை எளிதில் செய்ய முடியாது. காமா வடிவம் ஆல்ஃபாவாக மாற 1000 முதல் 1200 டிகிரி வரை வேண்டும், அந்த மாற்றத்தில் ஆக்சிஜன் அணுக்களின் அடுக்குமுறையே மாறுகிறது, பொருள் எட்டொன்பது சதவீதம் சுருங்குகிறது, துகள்கள் ஒரேயடியாகப் பெரிதாகின்றன. நுண்துளை போய் புழு ஊர்ந்ததுபோன்ற பெரிய வழிகள் மிஞ்சும். எனவே நுண்துளை வேண்டுமானால் காமாவிலேயே நிற்க வேண்டும். காமாவோ வேறு ஆள்: பரப்பு மிகுதி, வினைத்திறன் மிகுதி, வலுவான அமிலத்திலும் காரத்திலும் கரையும். வெந்நீரிலும் நீராவியிலும் நாளடைவில் நீரை ஏற்று மறுபடி போமைட்டாகும் போக்கு உண்டு. லாந்தனம் சேர்த்து அதைத் தள்ளிப்போடலாம், முழுக்கத் தடுக்க முடியாது. "அலுமினா" என்று ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் ஆல்ஃபாவும் காமாவும் வடிகட்டியைப் பொறுத்தவரை இரண்டு வேறு பொருள்கள் என்றே நான் சொல்வேன். விவரத்தாளில் "அலுமினா, 5 நானோமீட்டர்" என்று இருந்தால் அது காமாதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதைக் காஸ்டிக் சோடாவில் கழுவத் திட்டமிடாதீர்கள்.

இந்த இடத்தில்தான் சிர்கோனியா உள்ளே வருகிறது. காரத்தைத் தாங்குவதில் இந்த ஆக்சைடுகளில் அதுவே முன்னணி. ஆனால் அதற்கும் ஒரு பழைய நோய் உண்டு. தூய சிர்கோனியா அறை வெப்பத்தில் மோனோக்ளினிக் படிகம், சுமார் 1170 டிகிரிக்கு மேல் டெட்ராகோனல். குளிரும்போது திரும்ப மாறுகையில் 3 முதல் 5 சதவீதம் பருமன் கூடும். பெரிய துண்டாக இருந்தால் அந்த உப்பலிலேயே நொறுங்கிவிடும். இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) சேர்ப்பது வழக்கமான தீர்வு: 3 மோல் சதவீதம் சேர்த்தால் டெட்ராகோனல் வடிவம் நிற்கும், 8 சேர்த்தால் கனசதுர வடிவம். சவ்வுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. படிகம் சில பத்து நானோமீட்டருக்குக் கீழே இருந்தால், பரப்பு ஆற்றலே டெட்ராகோனல் வடிவத்தைத் தாங்கிப் பிடிக்கும், எதையும் சேர்க்க வேண்டியதில்லை. பெரிய துண்டுக்கு எமனான விஷயம் நுண்துளை அடுக்கில் தொல்லை தருவது குறைவு. சூளை வெப்பத்தைக் கூட்டிப் படிகங்கள் வளர்ந்துவிட்டால் மட்டும் பழைய நோய் திரும்பும். அல்ட்ரா வடிகட்டலில், அதாவது சில நானோமீட்டர் முதல் நூறு நானோமீட்டர் வரையிலான துளைகளில், சிர்கோனியா இவ்வளவு பரவியதற்கு இதுவே காரணம்.

டைட்டானியாவின் கதையும் படிக வடிவத்தைச் சுற்றித்தான். சால்-ஜெல் முறையில் முதலில் கிடைப்பது அனடேஸ், அது சூட்டில் ரூடைலாக மாறும். அடர்த்தி 3.89-இலிருந்து 4.25-க்கு ஏறுகிறது, அதாவது பருமன் எட்டு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. மாற்றம் நடக்கும்போது படிகம் வேகமாக வளர்ந்து நுண்துளை சரிந்துவிடும். இது எந்த வெப்பத்தில் நடக்கும் என்பதற்கு ஒரே எண் கிடையாது, துகள் அளவு, மாசு, காற்று எல்லாவற்றையும் பொறுத்து 400-க்கும் 700-க்கும் இடையிலோ அதற்கு மேலோ நடக்கும். சிர்கோனியா, சிலிகா, அலுமினா ஆகியவற்றில் ஒன்றைச் சிறிதளவு சேர்த்தால் மாற்றம் தள்ளிப்போகும். இந்தச் சிக்கலைச் சமாளித்துவிட்டால் கிடைக்கும் பலன் பெரிது: அமிலம், காரம் இரண்டையும் தாங்கும், துளையை ஒரு நானோமீட்டருக்குக் கீழேயும் கொண்டுபோகலாம். 0.9 நானோமீட்டர் துளை, 450 டால்டன் வெட்டளவு (அந்த மூலக்கூறு எடைக்கு மேலானவற்றைப் பெரும்பாலும் நிறுத்தும் அளவு) கொண்ட டைட்டானியா சவ்வுகள் ஜெர்மனியில் உருவாகி விற்பனைக்கே வந்திருக்கின்றன. சாயக் கழிவுநீர்போன்ற இடங்களில், சூடான, கடுமையான கரைசலில், பாலிமர் நானோ வடிகட்டி நிற்காத வேலைக்கு இவை போகின்றன. சோடியம் குளோரைடை நிறுத்துவதில் பாலிமர் தலைகீழ் சவ்வூடுபரவலுக்குப் பக்கத்தில்கூட இவை வரா. கடல்நீரைக் குடிநீராக்க செராமிக் என்று யாராவது சொன்னால், முன்வடிகட்டலைச் சொல்கிறார்களா என்று கேளுங்கள்.

டைட்டானியா என்றதும் ஒளிவினையூக்கம், அதாவது ஒளி பட்டால் அதன் பரப்பில் வேதிவினை நடப்பது, பேச்சுக்கு வரும். ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் டைட்டானியா மின்முனையில் ஒளி பட்டு நீர் பிரிவதைக் காட்டியதிலிருந்து "தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் சவ்வு" என்ற கனவு ஓடிக்கொண்டிருக்கிறது. அனடேசின் ஆற்றல் இடைவெளி 3.2 எலெக்ட்ரான்வோல்ட், எனவே 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளி வேண்டும். ஆய்வுக்கூடத்தில் தட்டையான சவ்வும் தெளிந்த நீரும் விளக்கும் இருந்தால் அழகாக வேலை செய்யும். தொழிற்சாலையில் சவ்வு இருப்பது பல வழிகள் கொண்ட இருட்டுக் குழாய்க்குள், ஓடுவது கலங்கிய திரவம். விளக்கை எங்கே வைப்பது? இதை வைத்து ஒரு சவ்வைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பது என் கருத்து.

சிலிகா தனி உலகம், அது திரவத்தைவிட வாயுவுக்கே. உருவமற்ற சிலிகா அடுக்கில் வழிகள் அரை நானோமீட்டருக்கும் குறைவு. ஹைட்ரஜன் மூலக்கூறின் இயக்க விட்டம் 0.289 நானோமீட்டர், கார்பன் டைஆக்சைடுக்கு 0.33, மீத்தேனுக்கு 0.38. அந்த வேறுபாடே பிரிக்கிறது. பெரிய துளையில் வாயு வேறு மாதிரி போகும். சில நானோமீட்டர் துளையில் மூலக்கூறு சுவரில் மட்டும் மோதிச் செல்லும் நுட்சன் ஓட்டத்தில் ஹைட்ரஜனும் நைட்ரஜனும் பிரிவது எடை விகிதத்தின் வர்க்கமூலப்படிதான், 3.7 மடங்கைத் தாண்டாது. 1998-இல் டே வோஸ், ஃபெர்வேய் இருவரும் தூய அறையில் செய்த சிலிகா சவ்வு மூலக்கூறு அளவைக்கொண்டே உயர்ந்த பிரிப்பைக் காட்டி இந்தத் துறையைக் கிளப்பிவிட்டது. பலவீனம் நீராவி. சூடான ஈரத்தில் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புகள் உடைந்து திரும்பச் சேர்ந்து அடுக்கின் வழிகள் மாறிவிடும். காரத்திலும் கரையும். நடுவே கார்பன் பாலம் கொண்ட கலப்புச் சிலிகா ஈரத்தை வெகுவாகத் தாங்குகிறது, ஆல்கஹாலிலிருந்து நீரை ஆவியாகப் பிரிக்கும் வேலைக்கு அது பொருத்தம்.

மேலடுக்கைத் தேர்ந்தெடுக்க அடுத்த காரணம் பரப்பு மின்னூட்டம். எந்த ஆக்சைடும் நீரில் ஹைட்ராக்சில் குழுக்களைப் போர்த்திக்கொள்ளும். அமிலத்தில் அவை நேர் மின்னூட்டம் பெறும், காரத்தில் எதிர் மின்னூட்டம் பெறும், நடுவே ஏதோ ஒரு பிஹெச்சில் பூச்சியம். அந்தப் புள்ளி சிலிகாவுக்கு ஏறத்தாழ 2–3, டைட்டானியாவுக்கு 5–6, சிர்கோனியாவுக்கு 6–7, அலுமினாவுக்கு 8–9. தயாரிப்பைப் பொறுத்து இவை ஆளுக்கு ஆள் மாறும், வரிசையை நம்பலாம், தசமத்தை நம்ப வேண்டாம். இப்போது பிஹெச் 7-இல் ஒரு புரதக் கரைசலை வைத்துப் பாருங்கள். பால் திரிந்தபின் மிஞ்சும் தெளிநீரின் முக்கியப் புரதங்களின் சமமின் புள்ளி (மின்னூட்டம் பூச்சியமாகும் பிஹெச்) ஐந்தை ஒட்டி இருக்கிறது, ஆகவே அவை 7-இல் எதிர் மின்னூட்டம் கொண்டவை. அலுமினாப் பரப்போ நேர் மின்னூட்டம். ஒட்டிக்கொள்ளும். டைட்டானியாவில் அந்த ஈர்ப்பு இல்லை. அடைப்பு ஏன் ஒரு சவ்வில் அரை நாளில் வருகிறது, இன்னொன்றில் தாமதமாகிறது என்பதற்கு இது ஒரு பகுதி விளக்கம்.

ஒரு பகுதிதான் என்று அழுத்திச் சொல்கிறேன். தூய நீரில் அளந்த எண்ணைக் கொண்டு பாலிலோ கழிவுநீரிலோ என்ன நடக்கும் என்று கணிப்பவர்கள் ஏமாறுவார்கள். பாஸ்பேட், சிட்ரேட் போன்ற அயனிகள் சிர்கோனியாவிலும் அலுமினாவிலும் இறுகப் பற்றிக்கொண்டு பரப்பின் மின்னூட்டத்தையே புரட்டிவிடும். பாலில் இரண்டும் உண்டு. முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு திரவம் பார்ப்பது ஆக்சைடை அல்ல, ஆக்சைடின்மேல் படிந்த படலத்தை.

இதனால்தான் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: எதை வடிகட்டப் போகிறோம் என்பதைவிட, எதைக் கொண்டு கழுவப் போகிறோம் என்பதை வைத்தே ஆக்சைடைத் தீர்மானிக்க வேண்டும். எந்தச் சவ்வும் அடைக்கும். செராமிக் சவ்வுக்குப் பாலிமரைவிடப் பல மடங்கு விலை கொடுப்பதன் பயனே, அடைத்த பிறகு அதைக் கடுமையாகக் கழுவ முடியும் என்பதுதான். ஒன்றிரண்டு சதவீதக் காஸ்டிக் சோடா 80 டிகிரியில், அப்புறம் நைட்ரிக் அமிலம், இடையில் ஹைப்போகுளோரைட், தேவைப்பட்டால் 121 டிகிரி நீராவி, வடிகட்டிய பக்கத்திலிருந்து எதிர் அழுத்தம். பாலிமர் சவ்வு இந்த நடத்தையைச் சில ஆண்டுகளுக்கு மேல் தாங்காது, நல்ல செராமிக் பத்தாண்டு தாண்டும். கழிவில் கொழுப்பும் புரதமும் இருந்தால் சூடான காரம் இல்லாமல் வேலை நடக்காது, அப்போது காமா அலுமினாவும் சிலிகாவும் பட்டியலிலிருந்து தாமாகவே விலகிவிடும். கனிமப் படிவு மட்டும் என்றால் அமிலமே போதும், அங்கே தேர்வு விரிவாகும். ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தை எதிலும் கிட்டே கொண்டுவர வேண்டாம்.

பாலை எடுத்துக்கொண்டால் இந்த வாதம் நன்றாகத் தெரியும். பாக்டீரியாவை நீக்க 1.4 மைக்ரான் துளையுள்ள அலுமினாச் சவ்வு, சுமார் 50 டிகிரி வெப்பம். கொழுப்புத் துளிகளும் பாக்டீரியாவும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் முதலில் கொழுப்பைப் பிரித்துவிட வேண்டும். கேசின் மைசெல்கள் (பாலின் முக்கியப் புரதமான கேசின் திரண்ட உருண்டைகள்) சராசரியாக 150–200 நானோமீட்டர், அவை துளை வழியே தாராளமாகப் போகும். பாக்டீரியா ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே குறைகிறது, பால் கொதிக்க வைக்கப்படவில்லை. துளையை 0.1 மைக்ரானாக்கினால் அதே கருவி கேசினை நிறுத்தி தெளிநீர்ப் புரதத்தை மட்டும் விடும். குழாயில் நுழையும் இடத்தில் அழுத்தம் அதிகம், வெளியேறும் இடத்தில் குறைவு என்பதால் நுழைமுனை வேகமாக அடைக்கும், அதைச் சரிக்கட்ட வடிகட்டிய பக்கத்திலும் திரவத்தைச் சுற்றவிடும் உத்தி 1970-களிலேயே காப்புரிமை பெற்றது. ஆக்சைடு இங்கே கதாநாயகன் அல்ல, அது அழியாமல் இருந்தால் போதும். ஓட்டம்தான் வேலை செய்கிறது. செராமிக் குழாய்களில் திரவத்தை நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் உரசி ஓட்டுவது இதற்காகத்தான், மின்செலவும் அதனால்தான் ஏறுகிறது.

குடிநீரில் நிலைமை வேறு. அங்கே சதுர மீட்டருக்கு என்ன விலை என்பதே முதல் கேள்வி, பாலிமர் பெரும்பாலும் வெல்லும். ஆனாலும் ஜப்பானில் 0.1 மைக்ரான் அலுமினாத் தொகுதிகள் பல ஆண்டுகளாக ஓடுகின்றன, நெதர்லாந்தின் ஆன்டேக் நிலையம் 2014-இல் செராமிக்கோடு தொடங்கியது. ஓசோனை நேராகச் சவ்வின்மேல் விட முடிவது செராமிக்குக்கு உள்ள ஒரு பலம், பெரும்பாலான பாலிமர்கள் அதில் சிதையும்.

ஆக்சைடு அல்லாத போட்டியாளரையும் சொல்லாமல் விட முடியாது: சிலிக்கான் கார்பைடு. எண்ணெய் கலந்த நீரில் அதன் ஓட்ட வீதம் அலுமினாவைவிடக் கணிசமாக அதிகம். மேலே மெல்லிய சிலிகாத் தோல் இருப்பதால் பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது, நீரை விரும்புவது, எண்ணெய்த் துளி ஒட்டுவது குறைவு. 2000 டிகிரிக்குப் பக்கத்தில், காற்றில்லாச் சூளையில் சுட வேண்டும் என்பதே அதன் விலைக்குக் காரணம். எண்ணெய் நீர்தான் உங்கள் பிரச்சினை என்றால் ஆக்சைடுகளைப் பற்றிய இந்த நீளமான பதிலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

ஆனோடைஸ் செய்த அலுமினாவைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. அலுமினியத் தகட்டை ஆக்சாலிக் அமிலத்தில் மின்னேற்றினால் தேன்கூட்டு ஒழுங்கில் நேரான துளைகள் வளரும். துளைகளின் இடைவெளி ஒரு வோல்ட்டுக்கு சுமார் 2.5 நானோமீட்டர், 40 வோல்ட்டில் 100 நானோமீட்டர். மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் இதைவிட அழகான சவ்வு கிடையாது. ஆனால் அது உருவமற்ற அலுமினா, நடுநிலையை விட்டு விலகினால் கரையத் தொடங்கும், கையில் எடுத்தாலே உடையும். ஆய்வுக்கூடத்துக்குச் சரி, ஆலைக்கு இல்லை.

இந்தத் தொழிலின் மூதாதை என்று பார்த்தால் அதுவும் ஆக்சைடுதான். பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் சார்ல்ஸ் ஷாம்பர்லான் 1884-இல் செய்த மெருகிடாத பீங்கான் வடிகட்டி பாக்டீரியாவை நிறுத்தியது. அதே வடிகட்டியைப் புகையிலை நோய்ச் சாற்றில் வைத்து, நோய்க்கிருமி கீழே இறங்கிவிடுவதை 1892-இல் இவனோவ்ஸ்கி கண்டார், வைரஸ் என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. அடுக்கடுக்கான நவீனச் சவ்வின் வேர் வேறு இடத்தில்: யுரேனியம் செறிவூட்டல். யுரேனியம் ஹெக்சாஃபுளூரைடு வாயுவின் இரண்டு வகைகளின் எடைகள் 349, 352, லேசானது சவ்வை மிகச் சற்றே வேகமாகக் கடக்கும். ஒரு தடவை சவ்வைக் கடந்தால் கிடைக்கும் செறிவு அதிகபட்சம் 1.0043 மடங்கு, எனவே ஆயிரக்கணக்கான படிகள் வேண்டும், ஏராளமான சதுர மீட்டர் சவ்வு வேண்டும். பிரான்சின் டிரிகாஸ்டான் ஆலை 1979 முதல் 2012 வரை அப்படி ஓடியது. அந்தத் தேவைக்காகக் கற்றுக்கொண்ட செராமிக் கைவேலைதான் 1980-களில் பால், ஒயின், பழச்சாறு என்று வெளியே வந்தது.

இனி விட்டுவைத்த மூன்றாவது கேள்வி. பல வழிக் குழாயின் இரு முனைகளிலும் தாங்கியின் துளைகள் திறந்து கிடக்கும், வடிகட்டாத திரவம் அந்த வெட்டுமுகம் வழியே நுழைந்து நேராக வடிநீரில் கலந்துவிடும். அதைத் தடுக்க முனைகளில் கண்ணாடி மெருகோ எபாக்சியோ பூசுவார்கள். கண்ணாடி மெருகு சிலிகேட், சூடான காரம் அதைத்தான் முதலில் தின்னும். எபாக்சிக்கு வெப்ப வரம்பு உண்டு. அப்புறம் குழாயை உறைக்குள் பிடிக்கும் ரப்பர் வளையம்: இபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர் காரத்துக்கும் நீராவிக்கும் நல்லது, எண்ணெயில் உப்பும். சிர்கோனியா பிஹெச் 14-ஐத் தாங்கும், ஆனால் முனை மெருகு போன குழாய் சிர்கோனியா இருந்தும் பயனற்றது. வெப்ப அதிர்ச்சியும் விவரத்தாளில் பெரும்பாலும் இராது. 80 டிகிரியில் கழுவி முடித்த அலுமினாக் குழாயில் உடனே குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டால் விரிசல் விழும். சிர்கோனியாவின் வெப்ப விரிவு அலுமினாவைவிட அதிகம் என்பதால், குளிரும்போது மேலடுக்கு இழுபட்ட நிலையில் வேறு இருக்கும்.

விரிசல் விழுந்ததா என்று பார்க்கக் குமிழிச் சோதனை செய்யுங்கள். துளைகளை நீரால் நிரப்பி ஒரு பக்கம் காற்றழுத்தத்தை ஏற்றினால், மிகப் பெரிய துளையிலிருந்துதான் முதல் குமிழி வரும். 1 மைக்ரான் துளைக்குக் கணக்குப்படி 2.9 பார் வேண்டும், 0.2 மைக்ரானுக்கு 14 பாருக்கு மேல். பரப்பு இழுவிசை குறைந்த ஐசோபுரப்பனால் வைத்தால் 0.2 மைக்ரானுக்கும் சுமார் 4 பார் போதும், வளையங்களுக்கு ஆபத்தில்லை. முனையிலிருந்து முக்கால் பாரிலேயே குமிழி வந்தால் சவ்வைக் குறை சொல்லாதீர்கள், மெருகையும் வளையத்தையும் பாருங்கள்.

வாங்கும்போது தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டியது "என்ன ஆக்சைடு" என்பது மட்டும் அல்ல. மேலடுக்கு எந்தப் படிக வடிவம், கடைசியாக எத்தனை டிகிரியில் சுட்டது, தாங்கி என்ன, முனைப்பூச்சு மெருகா எபாக்சியா, உங்கள் கழுவும் கரைசலில் உங்கள் வெப்பநிலையில் முனையோடு சேர்த்துச் சோதித்தார்களா என்று கேளுங்கள். சுட்ட வெப்பத்தைச் சொல்லத் தயங்குவார்கள், அது தொழில் ரகசியம். படிக வடிவத்தையும் முனைப்பூச்சையும் சொல்ல மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.